நம்பிக்கை முயற்சி

கூடலூருக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், லைன் வீடொன்றில் நாங்கள் 34 ஆண்டுகள் வாழ்ந்தோம். 1990 இல் எங்கள் திருமணம் நிறைவேறிய மாதத்திலேயே அவ்வீட்டின் சாவி எங்கள் கைக்கு வந்தது. 2024 இல், இருவரும் பணி ஓய்வு பெற்றபின், அதே சாவியைத் தோட்ட அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்தோம். தோட்டத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. இது நாங்கள் அறியாத விதியன்று. ஆயினும் அறிந்திருப்பது வேறு. பூட்டிய கதவின்முன் நின்று, இனி இதைத் திறக்கும் உரிமை நமக்கில்லை என்று உணர்வது வேறு.

எங்களைப் போன்றோர் இம்மலைக்கு வந்த வரலாற்றை இளைய வாசகர் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று, நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதன்படி, இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேர் இந்தியா திரும்ப வேண்டியவராயினர். அவர்களுக்கு வேலையளிக்கும் பொருட்டுத் தமிழக அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலை பயிரிடலாயிற்று. கூடலூர், பந்தலூர், சேரம்பாடிப் பகுதிகளில் இன்றும் அம்மக்களின் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன.

எங்களுள் ஒருவர் அவ்வாறு 1974 இல், எட்டு வயதுச் சிறுவனாகத் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர். தந்தையார் ஒரு தகரப் பெட்டியைச் சுமந்து வந்தார். தாயாரோ வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த பாடுபட்ட சுரூபத்தைப் பழஞ்சேலையொன்றில் சுற்றி மடியில் வைத்திருந்தார். கரை கண்ணுக்குத் தெரிந்தவரை அவர் அழுதார். கரை மறைந்தபின் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜெபமாலையைக் கையில் எடுத்தார். அவர் குரல் நடுங்கியது; எனினும் ஐம்பத்து மூன்று மணிகளையும் சொல்லி முடித்தார். அழுகை நின்ற பிறகு செபிக்கலாம் என்று காத்திருந்தால், அன்று அவர் செபித்தே இருக்கமாட்டார்.

அந்தத் தாயின் பிள்ளைகளாகிய நாங்கள், ஐம்பது ஆண்டுகள் கழித்து எங்கள் முறை வந்தபோது என்ன செய்தோம்? சொல்ல நாணுகிறோம். எங்கள் லைனில் மாலைதோறும் ஜெபமாலையை முன்னின்று நடத்தியவர்கள் நாங்கள். இழவு வீடுகளில் ஆறுதல் மொழிகள் சொன்னவர்களும் நாங்களே. வீட்டைக் காலி செய்யவேண்டிய நாள் குறிக்கப்பட்டதும் எங்கள் வாய் அடைத்துப்போயிற்று. மூன்று வாரங்கள் எங்கள் வீட்டில் ஜெபமாலை நின்றது. திருப்பூரில் பனியன் தொழிற்சாலையொன்றில் வேலை பார்க்கும் மகன், "என்னோடு வந்துவிடுங்கள்" என்றான். அவன் அன்பில் குறையில்லை. ஆனால் இத்தனை ஆண்டு உழைத்தும், தலைசாய்க்க மகனின் வாடகை வீட்டையன்றி வேறிடம் இல்லையே என்ற எண்ணம் இரவெல்லாம் எங்களை வாட்டியது.

ஒரு மாலை, வாசற்படியில் அமர்ந்திருந்தோம். எதிரே, அப்போதுதான் கவாத்து வெட்டிய மலை. இலை ஒன்றுகூட இல்லை. வெறுங்கட்டைகளே வரிசை வரிசையாக நின்றன. எங்களுள் கொழுந்து எடுத்தவர், கவாத்து வெட்டியவரைப் பார்த்து, "இத்தனை செடிகளை வெட்டினீர்களே, இவை திரும்பத் தளிர்க்கும் என்று எப்படித் துணிந்தீர்கள்?" என்று கேட்டார்.

அதற்கு விடை இருவருக்கும் தெரியும். தேயிலைச் செடியை நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டாவிட்டால், அது கைக்கெட்டாத உயரம் வளர்ந்து கொழுந்து குன்றிப்போகும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதில்லை. வெட்டுமுன் சில செடிகளின் வேரை எடுத்து நறுக்கி, அதன்மீது அயோடின் மருந்தை விடுவார்கள். வேர் நன்கு கறுத்தால் அதில் மாவுச்சத்து நிறைந்திருக்கிறது என்று பொருள். அச்செடி வெட்டைத் தாங்கும். கறுக்காவிட்டால் கொழுந்தெடுப்பதை நிறுத்திச் செடிக்குச் சில வாரம் ஓய்வு கொடுப்பார்கள். வெட்டுண்ட செடிக்கு உணவு சமைக்க இலை ஏது? வேரில் முன்னரே சேர்த்து வைத்ததைக் கொண்டுதான் அது முதல் தளிரை விடுகிறது.

"அப்படியானால் நம் வேரில் ஒன்றுமே இல்லையா?" என்று அவர் கேட்டார். விடை சொல்ல எங்களால் இயலவில்லை. எழுந்துபோய் விளக்கேற்றினோம். தாயார் கொண்டுவந்த அதே சுரூபத்தின்முன் முழந்தாளிட்டோம். மனம் ஒட்டவில்லை, வாய் மட்டுமே செபித்தது. பழைய ஜெபப் புத்தகத்தில் 'நம்பிக்கை முயற்சி' என்றொரு மந்திரம் உண்டு. சிறுவயது முதல் சொல்லி வந்தும், அதற்கு ஏன் முயற்சி என்று பெயர் என நாங்கள் சிந்தித்ததில்லை. நம்பிக்கை தானாக வந்து நெஞ்சில் நிறையும் உணர்ச்சியன்று; நெஞ்சு வறண்ட வேளையிலும் மனிதன் எடுத்து வைக்கவேண்டிய அடி அது என்பதை அன்றிரவு கண்டுகொண்டோம். அவ்வடியை எடுத்து வைக்கும் வலிமையையும் இறைவனே தம் அருளால் நம் வேரில் முன்னரே சேர்த்து வைக்கிறார்.

புறப்பட்ட நாளில் லைன் மக்கள் அனைவரும் பேருந்து நிற்குமிடம்வரை வந்தனர். உதகை வழியாக இறங்கும்போது, எருசலேமை விட்டு எம்மாவுசுக்கு நடந்த இரு சீடர்களை நினைத்துக்கொண்டோம். அவர்களும் தங்கள் நம்பிக்கையை முடிந்துபோன காலத்துக் கதையாகவே பேசிக்கொண்டு நடந்தார்கள். உயிர்த்த ஆண்டவரோ அவர்களைக் கடிந்துகொண்டாலும் கைவிடவில்லை. அவர்கள் போன வழியிலேயே உடன் நடந்தார்.

திருப்பூரில் மகனுக்கு இரண்டே அறைகள். குளிர்ந்த மலைக்காற்று இல்லை, வெயில் கடுமை. இன்னும் சில இரவுகளில் விழித்து, எந்த ஊரில் இருக்கிறோம் என்று மயங்குவதுண்டு. துன்பம் தீர்ந்துவிட்டதென்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் சென்ற முதல் நாள் மாலையே ஜெபமாலை சொன்னோம். இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டு இளம்பெண் வாசலில் வந்து நின்றாள். "அம்மா, நானும் பந்தலூர்ப் பக்கந்தான். எங்கள் பாட்டியும் இந்த இராகத்தில்தான் சொல்வார்கள். உள்ளே வரலாமா?" என்றாள். இப்போது சனிக்கிழமைகளில் ஆறேழு பேர் கூடுகிறோம். எல்லாரும் மலையிலிருந்து பிழைப்புத் தேடி இறங்கியவர்கள்.

அன்பு வாசகர்களே, உங்கள் பங்கிலும் இப்படி ஏதோ ஒன்று முடிந்துபோய், பெட்டியோடு வந்திறங்கிய குடும்பங்கள் இருக்கும். ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பார்கள். "எந்த ஊர்?" என்று அவர்களைக் கேளுங்கள். உங்கள் வீட்டு மாலைச் செபத்துக்கு அழையுங்கள். இன்று நீங்கள் கூடிச் செபிக்கும் ஒவ்வொரு மாலையும் உங்கள் பிள்ளைகளின் வேரில் சேருகிறது. அவர்களுக்கும் கவாத்துக் காலம் வரும். அப்போது அது உதவும்.