ரிக்கற் மெசின் வந்தும் கொண்டக்டர் போகேல்லை

ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைக்கு வேலை கிடைக்காது என்று சொல்ல செயற்கை நுண்ணறிவு வந்திருக்கத் தேவையில்லை. அதுக்கு முதலே சொந்தக்காரர் சொல்லிட்டினம். ஏ.எல் ரிசல்ட் வந்த அன்றைக்கே, “ஆர்ட்ஸா? முடிச்சுப்போட்டு என்ன செய்யப்போறாய்?” என்று கேட்டார்கள். இப்போது அந்தக் கேள்வி கொஞ்சம் நீண்டிருக்கிறது: “அதெல்லாம் இனிக் கொம்பியூட்டரே செய்யுமாமே?”

இந்தக் கேள்வியைச் சும்மா தள்ளிவிட முடியவில்லை. சின்ன வயதிலிருந்து நான் பார்த்த வேலைகள் பலவற்றுக்குப் பக்கத்தில் ஒரு மெசின் வந்து நின்றிருக்கிறது. ஆனால் எல்லா மெசினும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை.

என்னுடைய முதல் ஆசை பஸ் கொண்டக்டர். 2010இல் நாங்கள் கிளிநொச்சிக்கு மீள்குடியேறி வந்த புதுசு. சனம் சட்டி பானை, அரிசி மூட்டை என்று வீட்டையே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வரும். விரலிடுக்கில் காசுத்தாளை மடித்து வைத்துக்கொண்டு, ஆர் எங்கே இறங்குவது என்று பாடமாக்கி வைத்திருந்த அந்த மனிசன்தான் எனக்கு அப்போது பெரிய ஆள். இப்போது இ.போ.ச. பஸ்களில் ரிக்கற்றைக் கையடக்க மெசின் அடித்துக் கொடுக்கிறது. கொண்டக்டர் போகவில்லை. ரிக்கற் எழுதுவது அவருடைய வேலையில் ஒரு துண்டுதான். வயசானவர்களைக் கைபிடித்து ஏற்றுவதும், மிச்சக்காசுக்குப் பேச்சு வாங்குவதும், “பின்னுக்குப் போங்கோ” என்று கத்துவதும் இன்னும் அவர்தான்.

தரம் ஐந்து புலமைப்பரிசில் காலத்தில் டொக்டர் என்று சொன்னேன். அது ஆசை இல்லை, வகுப்பில் எல்லாரும் சொன்ன விடை. ஓ.எல் கணித ரிசல்ட்டோடு அது தானாகப் போய்விட்டது. அதற்கும் மெசினுக்கும் சம்பந்தமில்லை.

அப்பம்மாவின் வேலைக்கு நடந்தது வேறு. முந்தி அவ காலபோகத்தில் அருவி வெட்டுக்குப் போனவ. பத்துப் பதினைந்து பேர் வயலில் இறங்கி வெட்டி, சூடு வைத்து, அடித்து, தூற்றி எடுக்க நாள்கணக்காகும். இப்போது அறுவடை மெசின் ஓர் ஏக்கரை ஒரு மணித்தியாலமளவில் வெட்டி, நெல்லாகவே கொட்டிவிட்டுப் போகிறது. அந்த நெல் ஈரமாக வருவதால் றோட்டோரம் பரவிக் காயவிட மட்டும் ஆள் வேண்டும். மாசி மாதம் ஏ9 பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். “வேலை முழுக்கப் போகேல்லை பிள்ளை. வயலில நிண்ட நாங்கள் இப்ப றோட்டில நிக்கிறம்” என்பா அப்பம்மா. ஆனால் றோட்டில் நிற்கப் பதினைந்து பேர் தேவையில்லை.

கம்பஸ் வந்தபிறகு எனக்கு மொழிபெயர்ப்பில் ஆசை பிடித்தது. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இலும் சிங்களம் 2014இலும் சேர்ந்துவிட்டன. 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. நான் ஆசைப்பட முதலே மெசின் வந்து கதிரையில் இருந்துவிட்டது.

போன விடுமுறையில் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் வேலை பழகக் கேட்டுப் போனேன். விசாவுக்குக் கொடுக்கிற பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி எல்லாம் அவரிடம் வரும். முந்தி மாணவர்களுக்குப் பக்கக் கணக்கில் காசு கொடுத்து முதல் வரைவைச் செய்விப்பாராம். இப்போது அதை மெசின் தருகிறது. “எனக்கு இப்ப மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை பிள்ளை. பிழை பிடிக்கிற ஆள்தான் தேவை” என்றார்.

அந்தப் பிழைகளையும் காட்டினார். தர்சினி என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். மெசின் ஒன்றைத் தெரிவுசெய்துவிடும். அவர் பாஸ்போட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதில் உள்ளபடிதான் எழுதுவார். காணி உறுதியில் வரும் ‘பரப்பு’ ஓர் அளவு, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அவர் காட்டிய வரைவில் மெசின் அதை வெறும் பரப்பளவு என்று எடுத்திருந்தது. கீழே இருக்கிற கையெழுத்தும் சீலும் அவருடையவை. பிழைத்தால் எம்பசிக்காரர் மெசினைத் தேட மாட்டினம்.

என் பயம் இங்கேதான் இருக்கிறது. பிழை பிடிக்க அவர் எங்கே பழகினார்? நூற்றுக்கணக்கான சான்றிதழ்களைத் தானே எழுதி எழுதித்தான். மெசின் அவருடைய வேலையைப் பறிக்கவில்லை, நான் பழகியிருக்கக்கூடிய வேலையைத்தான் எடுத்திருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் மெசினின் தலையில் போடவும் ஏலாது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இன்றைக்கும் சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு வாசிக்க ஆள் தேடுகிற சனம் எங்கட ஊரிலேயே இருக்கு. பெயர்ப்பலகைகளில் தமிழ் படுகிற பாட்டைப் பேஸ்புக்கில் பார்த்துச் சிரிக்கிறோம். மெசின் வர முதலே மனிசர் பிழையாக எழுதின பலகைகள் எத்தனை! மொழிபெயர்ப்புக்குத் தேவை நிறைய இருக்கிறது. அதற்கு ஆளைப் போட்டுச் சம்பளம் கொடுப்பதா என்பதை மெசின் தீர்மானிப்பதில்லை. 2017இல் யாழ்ப்பாணத்தில் மாதக்கணக்கில் றோட்டோரம் இருந்து போராடிய வேலையற்ற பட்டதாரிகளின் இடத்தையும் எந்த மெசினும் பிடித்திருக்கவில்லை.

இப்போது நாங்கள் மூன்று பேர் வாரத்துக்கு ஒருக்கா ஒரு வர்த்தமானிப் பக்கத்தை எடுக்கிறோம். மூன்று மொழியிலும் வருவதால் நல்ல வசதி. முதலில் கையால் மொழிபெயர்ப்போம், பிறகு மெசினிடம் கொடுப்போம், கடைசியில் அரசாங்கத்தின் தமிழோடு ஒப்பிடுவோம். சில நாள் மெசின் எங்களை விட நல்லாய்ச் செய்திருக்கும். சில நாள் மூன்றிலும் பிழை இருக்கும், அன்றைக்குத்தான் அதிகம் படிப்போம். காசு வராது, ஆனால் பழக வேறு இடம் இல்லை.

அம்மா கொண்டுவந்து தந்த அரசாங்கப் போட்டிப் பரீட்சை விண்ணப்பத்தையும் நிரப்பிப் போட்டிருக்கிறேன். ஆசையை விட்டுவிட்டேன் என்று அர்த்தமில்லை, வீட்டில் அரிசி வாங்கவும் வேணும்.

“இந்தத் துறைக்கு எதிர்காலம் இருக்கா?” என்று பட்ச்சில் எல்லாரும் கேட்கிறார்கள். அதோடு இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: நீங்கள் போக நினைக்கிற தொழிலில் புதிதாக வாறவை எங்கே நின்று பழகினவை, அந்த இடம் இப்ப இருக்கா? இல்லையென்றால், தனியாக இருந்து பயப்படாமல் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து அதை நீங்களே உண்டாக்க ஏலுமா?