கல்லாக்கச் சொன்ன மனசு

ராத்தாவின் மகன் சோற்றுப் பீங்கானைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தபோதுதான், நான் பிழையான பாடம் நடத்திவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது.

ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த மருமகன். எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் ஒபீசராகியிருந்தான். இரண்டு பிரிவுகளில் ஆறாறு மாதமாக ஒரு வருடம் செய்யவேண்டிய உள்ளகப் பயிற்சி அது. முதலில் கிடைத்தது சிறுவர் வார்ட்டு. இரண்டு நாள் லீவில் வந்தவனுக்கு ராத்தா மீனாணம் ஆக்கியிருந்தா. அவனோ சோற்றை அளைந்துகொண்டிருந்தான். என்னவென்று கேட்டேன்.

"மூணு வயசுப் புள்ள மாமா. சுபஹுக்குக் கிட்ட மவுத்தாகிட்டு. உம்மாக்காரிட்ட நான்தான் சொன்னன். அவ என்ட கையைப் பிடிச்சவ விடல்ல. அதுக்குள்ள அடுத்த கட்டில் புள்ளைக்கு ஊசி ஏத்தக் கூப்பிட்டாங்க. போய் ஏத்தினன். விடிஞ்சதும் ரவுண்ட். ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல."

நான் என்ன சொன்னேன்? "டொக்டர்மாருக்கு இதெல்லாம் வரத்தான் செய்யும் மகன். மனசக் கல்லாக்கிக்கணும்."

"ஓம் மாமா" என்றுவிட்டுக் கைகழுவப் போனான். அந்த 'ஓம்' எனக்குப் பழக்கமானது. பாடம் விளங்காத பிள்ளைகள் வாத்தியாரைத் திருப்திப்படுத்தச் சொல்லும் 'ஓம்'.

அன்றிரவு நித்திரை வரவில்லை. ஆசிரியர் கலாசாலை நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. கற்பித்தல் பயிற்சியில் எனது முதற் பாடம் படுதோல்வி. ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் அதட்டி உட்காரவைத்தேன். பிள்ளை அழுதது. வெண்கட்டி பிடித்த கை நடுங்கியது. பின்வாங்கில் விரிவுரையாளர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேரம் எங்களில் ஆறேழு பேரை வேப்பமரத்தடியில் இருத்தினார். புள்ளிகளைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. தான் காரணமில்லாமல் அடித்துவிட்ட ஒரு பிள்ளையின் கதையைச் சொன்னார். அதன்பின்தான் எங்களுக்கும் வாய் திறந்தது. நான் தொழிலை விட்டோடாமல் நின்றது அந்தப் பின்னேரத்தால்தான்.

விடிந்ததும் பஸ்ஸுக்கு அவனோடு நடந்தேன். அந்த வேப்பமரத்துக் கதையை முதன்முதலாக அவனுக்குச் சொன்னேன். பிறகு, "அந்த உம்மா பொறகு உங்களோட பேசினாவா மகன்?" என்று கேட்டேன். அவன் பேசத் தொடங்கினான். முதல் பஸ் வந்து போனது. அவன் ஏறவில்லை.

அதன்பின் இது பற்றித் தேடி வாசித்தேன். 1889இல் வில்லியம் ஒஸ்லர், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறும் மருத்துவ மாணவர்களிடம், எந்த நிலையிலும் கலங்காதிருக்கப் பழகும்படி கேட்டார். அதற்காக இதயத்தை இறுக்கிவிட வேண்டாம் என்றும் சேர்த்தே சொன்னார். இந்த இரண்டாம் பாதியைத்தான் நான் தவறவிட்டிருந்தேன். 1950களில் லண்டன் டவிஸ்டொக் நிலையத்தில் மைக்கல் பாலின்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர் குடும்ப வைத்தியர்களைச் சிறு குழுவாக இருத்தினார். ஒருவர் தன்னை அலைக்கழித்த நோயாளியைப் பற்றிச் சொல்ல, மற்றவர்கள் கேட்பார்கள். எந்த மருந்து கொடுத்தாய் என்பதைவிட, அவருக்கும் உனக்குமிடையில் என்ன நடந்தது என்பதே அங்கு முக்கியம். அதுவும் ஒரு வேப்பமரத்தடிதான். உலக மருத்துவ சங்கம் 1948இல் ஆக்கிய ஜெனீவாப் பிரகடனத்தில், வைத்தியர் தனது நலத்தையும் பேணவேண்டும் என்ற உறுதிமொழி சேர்ந்தது 2017இல். 69 வருடங்கள் எடுத்திருக்கின்றன.

பேச்சு மாத்திரம் போதாது என்பதும் எனக்குத் தெரியும். நித்திரையில்லாதவனுக்கு மனவுறுதி பற்றிப் புத்தி சொல்வது, பசியோடு வந்த பிள்ளையிடம் வாய்ப்பாடு கேட்பது போன்றது. முதலில் ஓய்வு வேண்டும். அதன்பின், அந்த வார்ட்டின் மூத்த வைத்தியர் ஒருவர் கிழமைக்கு அரை மணித்தியாலம் இளையவர்களோடு உட்கார்ந்து, தனது முதல் மரணத்தைப் பற்றித் தானே முதலில் சொல்லவேண்டும். இதை மாமன்மாரால் முழுதாகச் செய்ய முடியாது.

ஆனாலும் முடிந்ததைச் செய்கிறேன். இப்போது அவனுக்கு இரண்டாவது ஆறு மாதம். வெள்ளி இரவுகளில் கோல் எடுக்கிறான். நான் புத்தி சொல்வதில்லை. அந்த வாரம் எனது வகுப்பில் பிழைத்துப்போனதை முதலில் சொல்கிறேன். அதன்பின் அவன் தொடங்குகிறான்.