நாற்காலியிலிருந்து தெருவுக்கு

மொழிபெயர்ப்பாளர்களைத் திணறடிக்கவே சில சிலேடைகள் பிறக்கின்றன. சூரத் மாநகராட்சி பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் எனக்குச் சிக்கியது ‘ஏ.சி. டு டி.சி.’ மின்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏ.சி. அறையை விட்டு ‘டெய்லி சோர்ஸ்’ எனும் அன்றாட வேலைகளுக்கு வாருங்கள் என்று அதிகாரிகளுக்குச் சொல்லப்பட்ட தாரக மந்திரம் அது. சிலேடையைக் கைவிட்டு, ‘நாற்காலியிலிருந்து தெருவுக்கு’ என்று எழுதினேன்.

1994 செப்டம்பரில் பிளேக் பீதியில் லட்சக்கணக்கானோர் சூரத்தை விட்டு ஓடினார்கள். 1995இல் ஆணையராக வந்த எஸ்.ஆர். ராவ் அதிசயத் தொழில்நுட்பம் எதையும் நம்பியிருக்கவில்லை. அதிகாரத்தை மண்டலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அதிகாரிகளைத் தினமும் தெருவில் இறக்கினார். முக்கியச் சாலைகள் இரவிலும் பெருக்கப்பட்டன. அவர் மாற்றலாகிப் போன பிறகும் பழக்கம் தங்கிவிட்டது. மத்திய அரசின் 2023ஆம் ஆண்டுத் தூய்மைக் கணக்கெடுப்பில் இந்தூருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது சூரத்.

என் மகள் டெங்குவில் படுத்த மறுநாளே எங்கள் தெருவுக்குப் புகையடிக்க ஆள் வந்தார்கள். அதில் குறையில்லை. ஆனால் பக்கத்துக் காலிமனையில், பழைய டயர்களில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்த மூன்று வாரமும் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. டயரைக் கவிழ்த்துவிட இயந்திரம் தேவையில்லை. காலையில் ஒருவர் அந்த வழியாக நடந்திருந்தால் போதும்.