நாலரை மடங்கு

ஒரு சின்ன கணக்கு. 1080-ஐ 240-ஆல வகுத்தா என்ன வரும்? 4.5. உங்களுக்கு ரெண்டு செகண்ட் கூட ஆகியிருக்காது. நான் அந்தக் கணக்கைப் போடவே இல்ல. அதனாலதான் போன வருஷம் என் ரூம்மேட் நாலு நாள் என்கிட்ட பேசல.

நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஒரு கேம் பண்ணினோம். கோட் என்னோடது, படம் அவனோடது. சின்ன வயசுல பெரியம்மா வீட்டு டப்பா டிவியில மஞ்சள் கேசட் சொருகி விளையாடின பாசம் எனக்கு. அந்த மாதிரி டிவி கேமெல்லாம் 1983-ல ஜப்பான்ல வந்த நின்டெண்டோ ஃபேமிகாமோட காப்பிங்கறது காலேஜ் வந்த பிறகுதான் தெரிஞ்சுது. அதே அளவுதான் வேணும்னு அடம் பிடிச்சேன்: 256 அகலம், 240 உயரம்.

அவன் மூணு மாசம் உட்கார்ந்து வரைஞ்சான். ஹீரோ மொத்தமே 16-க்கு 16 கட்டம்தான். ஒரு கண்ணுக்கு ஒரே ஒரு பிக்சல். அதைப் பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளினா சிரிக்கிற மூஞ்சி அழுற மூஞ்சியாயிடும். இதுக்காக ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை எழுப்பி "எது நல்லாருக்கு, சொல்லுடா"ன்னு கேட்டிருக்கான்.

சிம்போசியம் அன்னைக்கு ஹால்ல இருந்த 1080 டிவியில மாட்டினோம். உயரத்துக்கு ஏத்த மாதிரி படம் தானா பெருசாகட்டும்னு விட்டிருந்தேன். பாதி பிக்சலை எந்த டிவியாலயும் காட்ட முடியாது இல்லையா? அதனால ஒரு கட்டம் 4 பிக்சலா வந்துச்சு, அடுத்தது 5 பிக்சலா வந்துச்சு. ஹீரோவோட ஒரு கண்ணு சின்னது, இன்னொண்ணு பெருசு. நடக்க ஆரம்பிச்சா அடிக்கு அடி கண்ணு மாறிச்சு, உடம்பே நெளிஞ்சுது. போதாக்குறைக்கு டிவி தன் பங்குக்கு ஓரத்தை வெட்டிருச்சு. ஓவர்ஸ்கேன்னு பேராம், பழைய டிவி பழக்கம். ஸ்கோர்ல பாதி காணோம்.

பதட்டத்துல ஸ்மூத் ஆப்ஷனைப் போட்டேன். நெளியறது நின்னுச்சு. ஆனா எல்லாம் எண்ணெய் பட்ட பேப்பர்ல பார்க்கிற மாதிரி ஆயிருச்சு. ஒரு ஜூனியர், "அண்ணா, டவுன்லோட் முழுசா ஆகலையா?"ன்னு கேட்டான். பாவம், சீரியஸாத்தான் கேட்டான். என் ரூம்மேட் எதுவும் சொல்லாம வெளிய போயிட்டான்.

அப்போ பழைய டிவியில மட்டும் எப்படி அழகா இருந்துச்சு? அதுல பிக்சல்னு கறாரான கட்டமே கிடையாது. கேம் அனுப்பினது 240 வரி, டிவி அந்த வரிகளை ஒளியா இழுத்துக் காட்டுச்சு. மஞ்சள் வயர்ல வர்ற சிக்னல் பக்கத்துப் பக்கத்து நிறத்தைக் கலந்துடும். அந்தக் காலத்து ஆர்ட்டிஸ்டுங்க அந்தக் கலங்கலையும் சேர்த்தே கணக்குப் பண்ணினாங்க. 1991-ல வந்த முதல் சோனிக் கேம்ல அருவியைப் பாருங்க. வெறும் செங்குத்துக் கோடுங்கதான். பழைய டிவியில கோடெல்லாம் கலந்து, தண்ணிக்குப் பின்னாடி இருக்கிறது தெரியிற மாதிரி இருக்கும். இன்னைக்கு ஷார்ப்பான ஸ்கிரீன்ல அதையே பார்த்தா ஜன்னல் கம்பி.

நாலு நாள் கழிச்சு அவனே வந்து, "சரி, வழி சொல்லு"ன்னான். ஸ்கேல்2எக்ஸ் காட்டினேன். ஒவ்வொரு பிக்சலுக்கும் மேல, கீழ, இடம், வலம் பார்த்து, இங்க சாய்வுக்கோடு இருக்கும்னு ஊகிச்சு நிரப்பும். ஹீரோ ஜெல்லி மிட்டாய் மாதிரி வழவழன்னு வந்தான். "இத நான் வரையல"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டான். முழுசா 4 மடங்கு மட்டும் பெருக்கலாம்னேன். சுத்தமா வந்துச்சு. ஆனா மேலயும் கீழயும் 60 பிக்சல், பக்கவாட்டுல 448 பிக்சல் கருப்பு. டிவிக்குள்ள இன்னொரு சின்ன டிவி. 5 மடங்கு கூர்மையா பெருக்கிட்டு 4.5-க்கு மென்மையா சுருக்கறது மோசமில்ல, ஓரம் மட்டும்தான் லேசா மங்கும். அவன் கண்ணுக்கு அதுவும் தெரிஞ்சுது.

கடைசியில நான்தான் இறங்கி வந்தேன். 320-க்கு 180. 720 டிவிக்கு சரியா 4 மடங்கு, 1080-க்கு 6, 4கே-வுக்கு 12. மிச்சமே இல்ல. ஆனா உயரத்துல 60 வரி போச்சு. அவன் வரைஞ்ச வானம், கோபுரம், மேகம் எல்லாம் அந்த 60-லதான் இருந்துச்சு. பொங்கல் லீவுல வீட்டுக்குப் போகாம ஹாஸ்டல்லயே உட்கார்ந்து மறுபடி வரைஞ்சான். நானும் போகல. டீ வாங்கிக் குடுத்தேன், வேற என்ன செய்ய?

அடுத்த வாரம் ப்ராஜெக்ட் ரிவ்யூ. இந்தத் தடவை முன்கூட்டியே லேப் அண்ணாகிட்ட போய், "அண்ணா, ப்ரொஜெக்டர் ரெசல்யூஷன் என்ன?"ன்னு கேட்டேன்.

"எச்டிஎம்ஐ இருக்கு தம்பி, எல்லாம் வரும்"னாரு.

இன்னைக்கு சாயங்காலம் நாங்களே ஏணி எடுத்துட்டுப் போய்ப் பார்க்கப் போறோம்.