நெத்திலி, உப்பு, ஓராண்டு

வியட்நாமில் எந்த ஊரில் சாப்பிட உட்கார்ந்தாலும் தட்டோடு ஒரு சிறு கிண்ணமும் வந்துவிடும். மீன்சாற்றில் எலுமிச்சை பிழிந்து, சர்க்கரையும் தண்ணீரும் கலந்து, பூண்டும் மிளகாயும் பொடியாக நறுக்கிப் போட்டிருப்பார்கள். ஹனோயின் புன் சாவுக்கு உயிரே அதுதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அரிசிச் சேமியாவும் சுட்ட இறைச்சியும் மட்டும். நுவோக் மாம் என்ற அந்த மீன்சாற்றை முந்தைய பயணங்களில் ருசித்ததோடு சரி. இந்த முறை அதைச் செய்கிறவர்களைப் பார்க்கவே ஃபூ குவோக் தீவுக்குப் போனேன்.

வியட்நாமின் தென்மேற்கு மூலையில், கம்போடியக் கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தத் தீவு. அதன் முக்கிய ஊரான தூங் தோங்கில் ஆற்றங்கரைத் தெருக்களில் நடந்தால் தொட்டிக்கூடம் எங்கே என்று வழி கேட்கவே வேண்டாம், மூக்கு சொல்லிவிடும். உள்ளே நுழைந்த முதல் சில நிமிடங்கள் அந்த வாடை ஆளைத் தள்ளும். அதன்பிறகு அதற்குள்ளேயே ஓர் இனிப்பு தட்டுப்படும்.

கூடத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிய மரத்தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 10 டன் மீன் கொள்ளும். பலகைகளை இறுக்கிப் பிடித்திருப்பது இரும்புப் பட்டை அல்ல. கை மணிக்கட்டுத் தடிமனில் முறுக்கிய பிரம்பு வடம். உப்புக்கு இரும்பு தாங்காது, பிரம்பு தாங்கும். ஒரு தொட்டி பல பத்தாண்டுகள் உழைக்கும். பழைய தொட்டிகளுக்கான மரம் தீவின் காட்டிலிருந்தே வந்தது. அந்தக் காட்டின் பெரும்பகுதி 2001 முதல் தேசியப் பூங்கா. அதனால் இருக்கிற தொட்டிகளை வீட்டுப் பெரியவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்கிறார்கள்.

வேலை கரையில் தொடங்குவதில்லை. வலையில் ஏறிய நெத்திலியைப் படகிலேயே கழுவி, அங்கேயே உப்பைக் கலந்துவிடுகிறார்கள். மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. மீன் துளியும் கெடாமல் உப்பில் விழுந்தால்தான் சாற்றுக்கு அந்தச் செம்பழுப்பு நிறம் வரும். உப்பு பா ரியா, வுங் தாவ் பக்கத்து உப்பளங்களிலிருந்து வருகிறது. வந்ததும் அதைத் தொடுவதில்லை. மாதக்கணக்கில் குவித்து வைத்துக் கசப்பு நீரை வடியவிட்ட பிறகே மீனுக்குப் போடுகிறார்கள்.

தொட்டி நிரம்பியதும் மேலே கழிகளைப் பரப்பிக் கல் ஏற்றி அழுத்துகிறார்கள். அதன்பின் ஓராண்டு, சில கூடங்களில் அதற்கும் மேலே. மீனின் குடலிலுள்ள நொதிகளே சதையைக் கரைத்துச் சாறாக்குகின்றன. அழுகவிடாமல் உப்பு காவல் நிற்கிறது. ‘தானாக ஆகிவிடும்’ என்று தூரத்திலிருந்து தோன்றலாம். நான் பார்த்த கூடத்தில் எதுவும் தானாக ஆகவில்லை. அடிமடையைத் திறந்து சாற்றை இறக்குகிறார்கள், ஏணியில் ஏறி அதையே மேலிருந்து ஊற்றுகிறார்கள், பிறகு மறுபடி இறக்குகிறார்கள். என்னோடு வந்த பெரியவர் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு துளியை நாக்கில் வைத்து, இது இன்னும் இரண்டு மாதம், அது இந்த வாரம் என்று சொல்லிக்கொண்டே போனார். அவருடைய உள்ளங்கைகள் உப்பில் ஊறி வெடித்திருந்தன.

முதலில் இறங்கும் சாறுதான் உயர்ந்தது. அதன் தரத்தை லிட்டருக்கு எத்தனை கிராம் நைட்ரஜன் என்ற கணக்கில் சொல்கிறார்கள். இந்தத் தொட்டிகளில் அது 40 வரை வரும். மீந்த மீனில் உப்புநீர் விட்டு இறக்கும் அடுத்தடுத்த சாறுகளில் எண் குறைந்துகொண்டே போகும். பெரியவர் கொடுத்த முதல் சாற்றில் உப்பு முன்னால் வந்தது. பின்னால் வந்த சுவை வெகுநேரம் நாக்கை விட்டுப் போகவில்லை.

அன்று மதியம் கோய் கா ட்ரிச் சாப்பிட்டேன். பச்சைச் சாளை மீனை எலுமிச்சைச் சாற்றில் புரட்டி, தேங்காய்த் துருவல், வெங்காயம், கீரைகளோடு அரிசித்தாளில் சுருட்டிக் கொடுக்கிறார்கள். கடலையும் மீன்சாறும் கலந்த தொடுகறியில் முக்கிச் சாப்பிட வேண்டும். தேங்காயும் பச்சை மீனும் ஒட்டுமா என்று தயங்குகிறவர்களை அந்தத் தொடுகறி சம்மதிக்க வைத்துவிடும். வியட்நாமில் நான் சாப்பிட்டவற்றில் இதற்கு மேல் வேறொன்றை வைக்க மாட்டேன்.

ஆனால் வியட்நாமிலேயே கடைகளில் அதிகம் விற்பது தொட்டியில் இறங்கும் இந்தச் சாறு அல்ல. கொஞ்சம் மூலச்சாற்றை நீரில் விரித்து, சுவையூட்டியும் நிறமும் சேர்த்து ஆலைகளில் அடைக்கும் மலிவுச் சரக்குதான். வெளிநாடுகளில் தயாரித்த பாட்டில்கள்கூட இந்தத் தீவின் பெயரை ஒட்டி விற்கப்பட்டன. பெயரைக் காக்க 2001-இல் உள்நாட்டிலும் 2012-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பதிவு பெற்றார்கள். 2016-இல் இன்னொரு அடி விழுந்தது. மீன்சாறுகளில் ஆர்சனிக் அதிகம் என்று ஓர் ஆய்வு பரபரப்பாக வெளியானது. கடல் உணவில் இயல்பாக இருக்கும் கரிம ஆர்சனிக்கையும் நஞ்சான கனிம வகையையும் பிரிக்காமல் சொன்ன கணக்கு அது. நைட்ரஜன் எண் கூடக்கூட அந்த ஆர்சனிக் எண்ணும் கூடும் என்பதால், நல்ல சாறு செய்தவர்களே குற்றவாளிகளாக நின்றார்கள். பின்னர் அரசே மறுத்தது என்றாலும், கொள்முதல் நின்றுபோன அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது கூடத்தில் இருந்தவர்களின் குரல் இன்றும் கனக்கிறது. ஓராண்டு உழைப்பைத் தொட்டிக்குள் வைத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு ஒரு வாரத்து வதந்தியே பெரிய இழப்பு.

வியட்நாமுக்குப் போகிறவர்களும், நம் ஊர்க் கடைகளில் மீன்சாறு வாங்குகிறவர்களும் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். நெத்திலி, உப்பு என்று இரண்டே பொருட்களும், 30-க்கு மேல் நைட்ரஜன் எண்ணும் இருந்தால், கூடுதல் விலை கொடுத்து அதையே வாங்குங்கள்.