குளக்கரைக் கணக்கு

தை பிறந்ததும் நெல்லைப் பக்கத்துக் குளக்கரைகளில் புதிதாக ஒரு கூட்டம் தென்படும். கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு, ஒருவர் தோளில் முக்காலி. மீன் குத்தகைக்காரர்களும் இல்லை, பொதுப்பணித் துறைக்காரர்களும் இல்லை. மூலைக்கரைப்பட்டிக்குப் போகும் வழியில் ஒரு குளத்தில் குளிக்க வந்த அண்ணாச்சி, சோப்பைக் கையில் வைத்துக்கொண்டே எங்களைக் கேட்டார்: "என்ன, குளத்த அளக்க வந்தியளோ?"

"இல்ல அண்ணாச்சி, பறவை எண்ண வந்திருக்கோம்."

"எண்ணி?"

அந்த 'எண்ணி?'க்குச் சட்டென்று பதில் சொல்ல எங்கள் குழுவில் யாருக்கும் வரவில்லை. ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு பல் மருத்துவர், கல்லூரி மாணவிகள் இருவர், நான். ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். அண்ணாச்சி தண்ணீரில் இறங்கிவிட்டார்.

தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011 முதல் நடக்கிறது. ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பு மணிமுத்தாற்றில் நடத்தும் அகத்தியமலை மையம் அதைத் தொடங்கிவைத்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் தன்னார்வலர்கள் குழுக்களாகப் பிரிந்து, ஆளுக்குச் சில குளங்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வடகிழக்கு மழை ஓய்ந்து, குளங்கள் நிறைந்து, வலசை வந்த வாத்துகள் இன்னும் திரும்பிப் போகாத பருவம் அது. வெயிலும் அப்போதுதான் நெல்லையில் மனிதர்கள் தாங்கும்படி இருக்கும்.

பறவை பார்ப்பது வேறு, எண்ணுவது வேறு என்பது கரையில் நின்றபிறகுதான் புரியும். பத்து முக்குளிப்பான்களை எண்ணச் சொன்னால், எட்டு எண்ணுவதற்குள் மூன்று மூழ்கியிருக்கும். மூழ்கியது எங்கே எழும் என்று அதற்கே தெரியுமோ என்னவோ. நீலச்சிறகிகள் ஆயிரக்கணக்கில் மிதக்கும்போது ஒன்றொன்றாக எண்ண முடியாது. கூட்டத்தின் ஓர் ஓரத்தில் ஐம்பதை எண்ணி, அந்த ஐம்பது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணுக்குப் பழக்கி, மீதிக் கூட்டத்தின்மேல் அந்த அளவை வைத்து வைத்து நகர்த்த வேண்டும். இருவர் தனித்தனியாக எண்ணி ஒப்பிடுவார்கள். பல் மருத்துவர் எண்ணிக்கை எப்போதும் ஆசிரியருடையதைவிடக் குறைவாகவே வந்தது. "நீங்க பல்லு மாதிரி ஒவ்வொண்ணா தொட்டுப் பாக்கீங்க" என்றார் ஆசிரியர். கடைசியில் நடுவாக ஓர் எண் எழுதப்படும்.

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய ஆதாயம், சாதாரணப் பறவைகள் கண்ணில் விழத் தொடங்கியதுதான். கேமரா மட்டும் கொண்டுவருகிறவர் ஒரே ஒரு பறவையைத் தேடி வருகிறார். அது கிடைத்ததும் கிளம்பிவிடுகிறார். எண்ணுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. நாமக்கோழியும் கணக்குதான், கொக்கும் கணக்குதான். நெற்றியில் வெள்ளை நாமத்தோடு கரித்துணி மாதிரி மிதக்கும் நாமக்கோழியை நூற்றுக்கணக்கில் எண்ணியபிறகு, அவற்றுக்குள் ஓயாமல் நடக்கும் எல்லைச் சண்டைகள், தண்ணீரின்மேல் கால் அடித்து ஓடி மேலெழும் அவசரம் எல்லாம் தெரியவருகின்றன. நெல்லையில் பிறந்த இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் பத்தி எழுதினார். புலியையும் யானையையும் காட்டில் தேடித் திரிந்தவர், வேலியோரத்து அணிலுக்கும் காக்கைக்கும் அதே அளவு இடம் கொடுத்தார். நாமக்கோழியை எண்ணும்போது எனக்கு அவர் நினைவு வரும்.

மூலைக்கரைப்பட்டி தாண்டிக் கூந்தன்குளம். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 129 ஹெக்டேரைக் கொஞ்சம் தாண்டும். மணிமுத்தாற்று அணைத் தண்ணீரும் மழையும் நிரப்பும் குளம். சரணாலயம் என்றதும் கம்பிவேலி, காவற்கோபுரம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு இங்கே ஆச்சரியம் ஊருக்குள்ளேயே தொடங்கிவிடும். குளத்துக் கருவேல மரங்களில் இடம் போதாமல், தெருவோர வேம்பிலும், வீட்டுக் கொல்லைப் புளியிலும் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. மனிதர் இடுப்புயரம் நிற்கும் பறவை, மஞ்சள் அலகு, வால் பக்கம் தாமரை நிறம். கீழே கொடியில் சேலை காய்கிறது, மேலே நாரை குச்சி சேர்க்கிறது.

அழகாகச் சொல்லிவிட்டேன், வாடையையும் சொல்ல வேண்டும். எச்சமும், குஞ்சுகளுக்கு ஊட்டும்போது தவறி விழுந்த மீனும் கலந்த வாடை. புதிதாக வருகிறவர் கைக்குட்டை தேடுவார். வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்த ஆச்சியிடம் மாணவிகளில் ஒருத்தி கேட்டாள்: "ஆச்சி, நாத்தம் பொறுக்க முடியுதா?"

"மாட்டுத் தொழு நாறாதா? அதுக்காக மாட்ட வித்துருவோமா?"

ஆச்சியின் கணக்கு வெறும் பாசத்தில் போட்டதில்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது, கோடையில் வண்டல் உரமாகிறது. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. தீபாவளிக்கு இங்கே வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்துவந்து மீன் ஊட்டி வளர்த்து விட்ட பால்பாண்டியின் பெயர், பறவை பார்க்கிறவர்கள் மத்தியில் இந்த ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பைனாகுலர் பிடித்துப் பறவை பார்க்கும் பழக்கம் இப்போதுதான் பரவுகிறது. பறவையோடு குடியிருக்கும் பழக்கம் இந்த ஊருக்குப் பழசு.

குளத்தின் நடுவே வரித்தலை வாத்துகள். தலையின் பின்புறம் இரண்டு கருப்புப் பட்டை, சாம்பல் உடம்பு. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டிக் குளிர்காலத்துக்கு இங்கே வருபவை. கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கிறது. குறைந்த காற்றிலும் ஆக்சிஜனை இழுத்துப் பிடிக்கும் ரத்தம் அவற்றுக்கு. ஒரே உயரத்தில் பறக்காமல், மலைச்சரிவு ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கி, நிலத்தை ஒட்டியே வருகின்றன. ஏறிய உயரத்தை மறுபடி இழப்பது வீண் என்று நமக்குத் தோன்றும், ஆனால் அடர்ந்த காற்றில் சிறகடிப்பதே அவற்றுக்குச் சிக்கனம். மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டிய வாத்துகளைத் தென்னிந்திய ஏரிகளில் பார்த்துப் படித்துச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அதனால் மாணவிகள் இருவரும் முக்காலியில் ஏற்றிய ஸ்கோப்பில் ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். பட்டை எதுவும் அகப்படவில்லை. இவ்வளவு தூரம் வந்த பறவை நெல் வயலோரம் சாவகாசமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் திருப்புடைமருதூர். தாமிரபரணியோடு கடனாநதி கலக்கும் இடம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் மரச்சிற்பங்களும் சுவரோவியங்களும் பார்க்க வருகிறவர்கள் அதிகம். நாங்கள் மரங்களை அண்ணாந்து பார்த்தோம். இங்குள்ள சுமார் 2.84 ஹெக்டேரை 2005-இல் பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்தார்கள். காட்டிலாகா நிலமாக இல்லாத இடத்தையும், மக்களோடு சேர்ந்து காக்க வழிசெய்யும் ஏற்பாடு அது.

அங்கே ஒரு காட்சி எனக்குப் பிடிக்கவில்லை. பீரங்கி நீள லென்ஸோடு வந்த நால்வர், கூட்டில் இருந்த நாரை எழுந்து சிறகு விரித்தால் படம் நன்றாக வரும் என்று கைதட்டிப் பார்த்தார்கள். வெயில் நேரத்தில் தாய்ப்பறவை எழுந்தால் குஞ்சின்மேல் நிழல் இல்லை. எங்கள் ஆசிரியர் போய்ச் சொன்னார், சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். இந்தப் பொழுதுபோக்கு பெருகுகிறது என்று மகிழ்கிறபோது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆள் பெருகுவதால் மட்டும் பறவைக்கு நன்மை வந்துவிடாது.

ஆனாலும் பெருகத்தான் செய்கிறது. 2020 ஊரடங்கில் மொட்டைமாடியில் நின்று செம்பருந்தையும் பஞ்சுருட்டானையும் அடையாளம் கண்டவர்களில் பலர் அதைப் பிறகு விடவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் 'மெர்லின்' செயலி, 2021 முதல் குரலைக் கேட்டே பறவையின் பெயர் சொல்கிறது. அவ்வப்போது தப்பாகவும் சொல்கிறது, அதையும் மறக்கக் கூடாது. பொங்கல் விடுமுறையின் நாலு நாளும் ஆளுக்குப் பதினைந்து நிமிடமாவது பார்த்து 'இ-பேர்ட்' தளத்தில் ஏற்றும் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' 2015-இல் தொடங்கியது. பெரிய செலவும் இல்லை. எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் கண்ணாடியுள்ள 8×42 பைனாகுலர் ஒன்று இருந்தால் பத்து வருஷம் ஓட்டலாம். அதுவும் இல்லாவிட்டால் கண் இருக்கிறது.

அண்ணாச்சியின் 'எண்ணி?'க்கு இப்போது என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும். 2023-இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. அதற்கு அடிப்படை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை பார்ப்போர் ஏற்றிய சுமார் 3 கோடிப் பதிவுகள். சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகளை மட்டும் வைத்து இவ்வளவு திரட்ட எந்த அரசாலும் ஆகாது. எந்தப் பறவை குறைகிறது என்று தெரிய, அது நிறைய இருந்த காலத்தில் யாராவது எண்ணி எழுதி வைத்திருக்க வேண்டும். குளம் வறண்ட வருஷம், சீமைக்கருவேலம் ஏறிய வருஷம், ஓரத்தில் குப்பை கொட்டத் தொடங்கிய வருஷம் எல்லாம் அந்த எண்களில் தெரியும். பேச்சில் சொன்னால் 'அப்பல்லாம் நெறைய வரும்' என்பதோடு முடிந்துபோகும்.

கடைசிக் குளத்தில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கரை நெடுகக் கூடவே வந்தாள். ஸ்கோப்பில் பாம்புத்தாராவைக் காட்டியபோது, "இதத்தானா இவ்வளவு நாளா பாம்புன்னு நெனச்சேன்" என்றாள். ஆசிரியர் ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து, வீட்டில் இருந்தபடியே கால்மணி நேரம் பார்த்து எழுதச் சொன்னார். அன்று சாயங்காலம் அவள் அம்மாவின் போனிலிருந்து பட்டியல் வந்தது. காக்கா, மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், செண்பகம், மயில், கோழி.

ஆசிரியர் கூப்பிட்டார். "எல்லாம் சரி தாயி. வீட்டுக் கோழியச் சேக்கக் கூடாது."

"மயிலு மட்டும் சேக்கலாமா சார்?"

"அது காட்டுப் பறவைல்லா."

"அதுவும் எங்க கூரைலதான் சார் நிக்கி. எங்க நெல்லத்தான் திங்கி. கோழியாவது முட்ட போடுதே?"

ஆசிரியர் போனை என்னிடம் நீட்டினார். "நீங்க எழுதுறவருதான, நீங்களே பதில் சொல்லுங்க."