லாகூரில் ஒரு வீடு: எங்கள் மேடைக்கு ஏற்ற நாடகம்

எம்மவர் கூடும் விழாக்களில் ஒற்றுமை நாடகம் ஒன்று தவறாமல் மேடையேறும். நெற்றியில் திருநீறு பூசிய ஒரு பிள்ளை, கழுத்தில் சிலுவை தொங்கும் ஒரு பிள்ளை, தலையில் தொப்பி போட்ட ஒரு பிள்ளை. மூவரும் முதலில் சண்டை பிடிப்பார்கள். ஒரு பெரியவர் வந்து புத்தி சொல்வார். கடைசியில் மூவரும் கைகோத்து நிற்க, மண்டபம் கைதட்டும். பிள்ளைகள் நன்றாகத்தான் நடிப்பார்கள். ஆனால் தொப்பி போட்ட பிள்ளையும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான். சபையில் ஒரு முஸ்லிம் குடும்பமாவது இருக்கிறதா என்று பார்த்தால் அனேகமாக இருக்காது. யாருடைய மனமும் நோகாத நாடகம் அது. அதனால்தான் வீட்டுக்குப் போகும் வழியிலேயே அது மறந்தும் போகிறது.

இந்து–முஸ்லிம் உறவை மேடையில் பேசுவதற்கு வேறு வழிகளும் உண்டு. பழைய நாடகம் ஒன்றை எடுத்து, புதிய இடத்தில், புதிய மனிதர்களோடு நிகழ்த்துவது அவற்றில் ஒன்று. பிரித்தானியாவில் குடியேறிய ஆசியர்கள் இதனை நெடுங்காலமாகச் செய்து வருகிறார்கள்.

1976 ஜூன் மாதம் லண்டனின் சவுத்தோல் பகுதியில் ஒரு சீக்கிய இளைஞன் நிறவெறியர்களால் கொல்லப்பட்டான். அந்தக் கொலை தந்த கோபத்திலும் துயரத்திலும் இருந்து 1977ல் 'தாரா ஆர்ட்ஸ்' என்ற நாடகக் குழு பிறந்தது. அதன் தலைவராக இருந்த ஜதிந்தர் வர்மா, கிழக்கு ஆபிரிக்காவில் பிறந்து 1968ல் சிறுவனாக இங்கிலாந்துக்கு வந்தவர். இவர்கள் எடுத்துக்கொண்ட முதல் நாடகம் அந்தக் கொலையைப் பற்றியதல்ல. 1890ல் இரவீந்திரநாத் தாகூர் வங்காளியில் எழுதிய 'விசர்ஜன்' என்ற நாடகம் அது. திரிபுரா நாட்டு மன்னன் காளி கோயிலில் உயிர்ப்பலியைத் தடுக்கிறான். பூசகர் மன்னனுடைய இரத்தத்தையே கேட்கிறார். முடிவில் பூசகர் பிள்ளைபோல் வளர்த்த இளைஞன் தன் உயிரைக் கொடுக்கிறான். தங்களைத் தாக்கிய வெள்ளையரின் வெறியைப் பற்றிப் பேச எல்லா நியாயமும் இருந்த வேளையில், தங்கள் சொந்தச் சமயத்துக்குள் இருக்கும் வெறியைப் பேசும் நாடகத்தை இந்த இளைஞர்கள் தெரிந்தெடுத்தார்கள்.

அதே வர்மா 1990ல் லண்டன் தேசிய நாடக அரங்கில் பிரான்சிய நாடகாசிரியர் மொலியேரின் 'தார்த்தூஃப்' நாடகத்தை நெறியாள்கை செய்தார். பக்தி வேடம் போட்டு ஒரு குடும்பத்தையே சுரண்டும் கபடனின் கதை அது. 1664ல் முதன்முதலாக மேடையேறியபோது தடை செய்யப்பட்டு, 1669ல்தான் பொதுமக்கள் முன் நிகழ்த்த அனுமதி பெற்றது. வர்மா இந்தக் கதையை ஔரங்கசீப்பின் இந்தியாவுக்குக் கொண்டுபோனார். மொலியேர் வாழ்ந்த அதே நாட்களில் பேர்னியே என்ற பிரான்சிய வைத்தியர் மொகலாய அரசவையில் இருந்தார் என்பது வரலாறு. அந்த வரலாற்றைப் பாலமாக வைத்து, பாரிஸ் நாடகம் டில்லி நாடகமானது. மதத்தின் பெயரால் நடக்கும் ஏமாற்று எந்த ஒரு மதத்துக்கும் தனிச்சொத்து அல்ல என்பது யாரும் எடுத்துச் சொல்லாமலே சபைக்கு விளங்கியது.

இவை எல்லாவற்றையும் விட எங்களை உலுக்கிய நாடகம் வேறொன்று. அதனைப் பற்றிச் சொல்லத்தான் இக்கட்டுரை.

'ஜிஸ் லாகூர் நஈ தேக்யா' என்று தொடங்கும் பெயர் கொண்ட அந்த நாடகத்தை இந்தியில் எழுதியவர் அஸ்கர் வஜாஹத். லாகூரைப் பார்க்காதவன் பிறக்கவேயில்லை என்ற பஞ்சாபிப் பழமொழிதான் அதன் தலைப்பு. புகழ்பெற்ற நெறியாளர் ஹபீப் தன்வீர் 1990ல் டில்லியில் அதனை மேடையேற்றினார். இன்று அது இந்தி நாடகத்தில் ஒரு செந்நெறிப் படைப்பாகவே கொள்ளப்படுகிறது.

கதை 1947ல் நடக்கிறது. இந்தியா இரண்டாகி, ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் எல்லை தாண்டிய காலம். லக்னோவில் வீடுவாசலை இழந்த சிக்கந்தர் மிர்சா, மனைவி ஹமீதா பேகம், மகன், மகள் ஆகியோருடன் அகதியாக லாகூருக்கு வருகிறார். முகாமில் கிடந்த குடும்பத்துக்கு ஒரு வீடு ஒதுக்கப்படுகிறது. சின்ன வீடல்ல, 22 அறைகள் கொண்ட மாளிகை. ரத்தன்லால் என்ற இந்து நகை வியாபாரி விட்டுப்போன வீடு. குடும்பம் மகிழ்ச்சியோடு உள்ளே போகிறது. மேல்மாடியில் ஒரு கிழவி இருக்கிறாள். ரத்தன்லாலின் தாய். மகனும் மருமகளும் பிள்ளைகளும் என்ன ஆனார்கள் என்று தெரியாது. இது என் வீடு, நான் போகமாட்டேன் என்கிறாள்.

மிர்சா முதலில் அவளை வெளியேற்றத்தான் பார்க்கிறார். அதிகாரிகளிடம் போகிறார். மகன் உள்ளூர்ச் சண்டியர்களை நாடுகிறான். இதற்கிடையில் கிழவி தன்பாட்டில் கீழே வந்து, புது இடத்தில் திண்டாடும் ஹமீதா பேகத்துக்கு அடுப்படியில் உதவுகிறாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் அந்த வீட்டுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே தாயாகிவிடுகிறாள். இப்போது அவளைப் போகவிட மிர்சா குடும்பத்துக்கு மனமில்லை. ஆனால் சண்டியன் விடுவதாக இல்லை. ஊரில் ஓர் இந்துகூட மிஞ்சக்கூடாது என்பது அவன் கட்சி.

கிழவி தீபாவளிக்கு விளக்கேற்ற ஆசைப்படுகிறாள். பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்கிறார்கள். தாராளமாக ஏற்றட்டும் என்கிறார் அவர். பின்னர் கிழவி இறந்துபோகிறாள். அவளுடைய முறைப்படி எரிக்கத்தான் வேண்டும் என்று மௌலவி தீர்ப்புச் சொல்கிறார். இந்துக்கள் யாருமில்லாத ஊரில், முஸ்லிம் அயலவர்கள் அவளுடைய பாடையைத் தோளில் தூக்கி, இராம நாமம் சொல்லிக்கொண்டு போகிறார்கள். அதற்குரிய விலையை மௌலவி கொடுக்கிறார். பள்ளிவாசலுக்குள்ளேயே அவரைச் சண்டியர் கூட்டம் கொன்றுவிடுகிறது.

நாம் வாழும் நகரில் எங்களில் சிலர் ஞாயிறு மாலைகளில் கூடி நாடகங்கள் வாசிப்பது வழக்கம். ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தமிழில் சொல்லச் சொல்ல, இதனை இரண்டு மாலைகளில் கேட்டு முடித்தோம். மிர்சாவின் கையில் வீட்டுத் திறப்பு வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தோம். நகரசபை வீட்டுக் கடிதம் வந்த நாள் எங்களில் யாருக்குத்தான் மறக்கும்? கிழவி பேசத் தொடங்கியபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஊரில் வீட்டைப் பூட்டி, திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு வந்த அம்மாமார் அங்கே இருந்தார்கள். வீட்டை விட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்ட தாய் தகப்பனை நினைத்து ஒரு சிலர் வெளியே போய் நின்றார்கள்.

அப்போது எங்களில் மூத்த ஓர் அம்மா கேட்டார்: "மேல ஒரு மனுசி இருக்கிறது தெரிஞ்ச பிறகும் அவைக்குச் சாப்பாடு இறங்கினதோ?" சற்றுப் பொறுத்து அவரே சொன்னார்: "எங்கட சோனகத்தெருச் சனமும் இப்பிடித்தானே வீட்டை விட்டிட்டுப் போனதுகள். எனக்குச் சட்டை தைச்சுத் தந்த நானா எங்க இருக்கிறாரோ."

அதன் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வடமாகாணத்து முஸ்லிம்கள், ஏறக்குறைய 70,000க்கு மேற்பட்டவர்கள், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அது ஒக்டோபர் 30ஆம் திகதி. கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்து முகாம்களில் வருடக்கணக்காக வாழ்ந்தார்கள். விட்டுப்போன வீடுகள் பலவற்றில் ஓடும் கதவும் நிலையும் மிஞ்சவில்லை. சிலவற்றில், வேறிடங்களில் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஓடிவந்த எம்மவர்கள் குடியிருந்தார்கள். டில்லியில் ஹபீப் தன்வீர் இந்த நாடகத்தை மேடையேற்றியதும் அதே 1990ஆம் ஆண்டுதான். அவருக்கு யாழ்ப்பாணம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் நாடகத்துக்குத் தெரிந்திருந்தது.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது. யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் இருந்தார்களா என்று கேட்கும் வயதில் அவர்கள் இருக்கிறார்கள். ஐந்துசந்தியும் ஒஸ்மானியாக் கல்லூரியும் எங்களுக்கு ஊர். அவர்களுக்கு வெறும் பெயர்கள்.

இந்த நாடகத்தை எங்கள் விழாவில் போடலாமா என்ற பேச்சு வந்தபோது வாதம் சூடேறியது. கிழக்கில் ஊர்காவல் படையினரால் எங்கள் சனங்களும் கொல்லப்பட்டார்களே, அதை யார் நாடகமாகப் போடுவார்கள் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வீரமுனையில் அழுதவர்களுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. காத்தான்குடிப் பள்ளிவாசலில் 1990 ஓகஸ்டில் தொழுகையில் இருந்தபோது கொல்லப்பட்டவர்களின் உறவினருக்கும் கேட்பதற்குக் கேள்விகள் உண்டு. கணக்கை முதலில் யார் தீர்ப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு பக்கத்துக் கிழவிகளும் செத்துப்போவார்கள்.

இந்த இடத்தில்தான் அஸ்கர் வஜாஹத்திடம் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. அவர் இந்தியாவில் சிறுபான்மையான முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்தவர். நாடகம் டில்லியில் மேடையேறிய அந்த ஆண்டிலேயே அயோத்தி இரதயாத்திரை புறப்பட்டது. 1992 டிசம்பர் 6ஆம் திகதி பாபர் பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. தன் சமூகம் பட்ட துன்பத்தையே அவர் நாடகமாக எழுதியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, தன் சமூகம் பலமாக இருந்த ஓர் ஊரைத் தேடிப் போனார். அங்கே தன்னவர்களில் ஒரு சண்டியனையும் தன்னவர்களில் ஒரு மௌலவியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். இந்துக் கிழவிக்காக உயிர் கொடுக்கும் மௌலவியைப் பார்த்த பிறகு, அந்தச் சமயத்தைப் பற்றி இழிவாக ஒரு வார்த்தை சொல்ல யாருக்கு நா வரும்? தன் சமூகத்தின் மானத்தை அவர் காத்த விதம் அது. குற்றத்தை மறைத்து அந்த மானத்தைக் காத்திருக்க முடியாது.

கராச்சியில் இந்த நாடகத்தைப் போட முயன்றபோது அதிகாரிகள் அனுமதி தரவில்லை. அங்குள்ள நாடகக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஜேர்மன் கலாசார நிலையமான கோதே நிலையத்தில் மேடையேற்றினார்கள். லாகூரில் நடந்த கதையைப் பாகிஸ்தானியரே பாகிஸ்தானில் நடித்தார்கள். எங்களுக்கும் அந்தத் துணிவு வேண்டும்.

கதையை யாழ்ப்பாணத்துக்கு மாற்றி எழுதுவோம் என்று இளைஞர் ஒருவர் சொன்னார். மிர்சாவைச் சிவலிங்கமாக்கலாம், கிழவியை உம்மாவாக்கலாம் என்றார். பலர் வேண்டாம் என்றோம். ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் சபை இரண்டாகப் பிரிந்து, யார் பக்கம் என்று பார்க்கத் தொடங்கிவிடும். பிறகு கிழவியை யார் பார்ப்பார்கள்? மொலியேரை டில்லிக்குக் கொண்டுபோனதால் வர்மாவுக்கு எந்தத் தூரம் கிடைத்ததோ, அந்தத் தூரம் எங்களுக்கு லாகூரிலேயே இருக்கிறது. கதை அங்கேயே நடக்கட்டும். பெயர்களும் அப்படியே இருக்கட்டும். மொழி மட்டும் எங்கள் தமிழாகட்டும். அங்கிருந்து ஐந்துசந்திக்கு வரும் வழி சபையில் இருப்போருக்குத் தெரியும். அவர்களாகவே நடந்து வரட்டும்.

பிறமொழி நாடகம் எங்களுக்குப் புதிதும் அல்ல. 1978ல் 'கண்ணாடி வார்ப்புகள்' நாடகத்தையும் 1979ல் பிரெக்டின் 'யுகதர்மம்' நாடகத்தையும் தமிழ் அவைக்காற்று கலைக் கழகம் இலங்கையில் மேடையேற்றியது. குழந்தை சண்முகலிங்கத்தின் 'எந்தையும் தாயும்' நாடகம், பிள்ளைகள் வெளிநாடு போக ஊரில் தனித்துப்போன முதியவர்களைப் பற்றியது. அதைப் பார்த்து அழுத சபைக்கு ரத்தன்லாலின் தாயை அறிமுகம் செய்யத் தேவையில்லை.

நாடகத்தைப் போட எண்ணும் சங்கங்களுக்குச் சில யோசனைகள். செலவு அதிகமில்லை. ஒரு வீடும் ஒரு மாடிப்படியும் ஒரு தேநீர்க்கடையும் போதும். எங்கள் நகரங்களில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. சபைக்கு அழைப்பதற்கு முன் அவர்களை ஒத்திகைக்கு அழையுங்கள். மௌலவி எப்படி ஸலாம் சொல்வார், எப்படித் தொழுவார் என்று எங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் காட்டிக் கொடுக்கட்டும். முடிந்தால் ரத்தன்லாலின் தாயாக ஒரு முஸ்லிம் அக்காவே நடிக்கட்டும். முடிவை மட்டும் மாற்றாதீர்கள். மௌலவி இறக்கத்தான் வேண்டும். எல்லோரும் கைகோத்து நிற்கும் காட்சியைச் சேர்த்தால் சபை நிம்மதியாக எழும்பிப் போய்விடும்.

எங்கள் குழு அடுத்த ஞாயிறு முதல் தமிழாக்கத்தை எழுதத் தொடங்குகிறது. தையற்காரரைப் பற்றிச் சொன்ன அந்த அம்மாவிடம் கிழவியின் பேச்சைச் சரிபார்க்கும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறோம். தன் பங்குக்கு அவர் ஒரேயொரு நிபந்தனை வைத்திருக்கிறார். முன்வரிசையில் இரண்டு கதிரைகளைப் புத்தளத்தில் இருந்து வந்தவர்களுக்கென்று விடவேண்டுமாம்.